புறாத்தீவில் காலில் குத்திய கல்

திருகோணமலை நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஒரு கிலோமீட்டர்தான். டிக்கெட் வரிசையில் நின்ற நேரத்தில் பாதிகூடக் கடலில் போகவில்லை. ஜூலை மாதம், தண்ணீர் குளம் மாதிரிக் கிடந்தது.

இறங்கியதும் காலில் குத்தியது மணல் இல்லை, முருகைக்கல். முருகை என்ற சின்னக் கடற்பிராணி கட்டும் கல் அது, பவளப்பாறை என்றும் சொல்வார்கள். விரல் விரலாக உடைந்து வெளுத்துக் கரையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. போட்டுக்கார அண்ணையிடம், "இவ்வளவும் செத்ததா?" என்று கேட்டேன்.

"செத்ததும் இருக்கு, திரும்ப முளைக்கிறதும் இருக்கு தம்பி. மேல பாசி படிஞ்சால்தான் கஷ்டம்."

பாசி என்றதும் நான் வாசித்துத் திரியும் பழைய கதை ஞாபகம் வந்தது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பேர்மியன் காலத்தின் முடிவில், சைபீரியாவில் எரிமலைகள் நெடுங்காலம் கக்கின. கடல் சூடேறி, அமிலமாகி, ஒட்சிசன் குறைந்து, கடல் இனங்களில் பத்துக்குக் குறைந்தது எட்டு அழிந்தது. அன்றைய முருகைகள் அடியோடு போயின. பிறகு கடலடியில் முதலில் எழும்பிய திட்டுகளைக் கட்டியவை, பாசி மாதிரிப் படிந்த நுண்ணுயிர்ப் படலங்கள். சில இடங்களில் 15 லட்சம் ஆண்டுக்குள் கடற்பஞ்சுகளும் சேர்ந்துகொண்டன. முருகை என்று ஒன்று திரும்பக் கண்ணில் பட ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு பிடித்தது. அதுவும் பழைய முருகையின் பிள்ளை இல்லை. கல்கூடு இல்லாத, கடல் அனிமனி மாதிரியான மெத்தென்ற பிராணி ஒன்றின் வழி வந்தது என்பது பலரின் கணிப்பு.

கல் இல்லாமல் முருகை உயிரோடு இருப்பது நடக்கக்கூடியதுதான். 2007இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில், மத்தியதரைக் கடல் முருகைகளை அமிலம் கூடிய நீரில் வைத்தார்கள். கல் கரைந்துபோய், சதை மட்டும் உயிரோடு கிடந்தது. சாதாரண நீருக்கு மாற்றியதும் திரும்பக் கல் கட்டியது. எனக்குப் பிடித்த பரிசோதனை இது. வீட்டில் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை.

சரி, தண்ணீருக்குள் இறங்கினேன். மான்கொம்பு முருகைக்கு மேலே, செட்டை நுனி கறுத்த சின்னச் சுறா ஒன்று என்னைச் சட்டை பண்ணாமல் போனது. பக்கத்தில் ஒருவர் முருகையின் மேலேயே ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"இறங்குங்கோ ஐயா, அது கல்லில்லை!" அண்ணை போட்டிலிருந்தே கத்தினார்.

அவர் இறங்கினார். இறங்கியதும் இன்னொரு முருகையின் மேல்தான்.