நல்லா பட்டினி கிடந்தியா?

பழைய இங்கிலீஷ் புக்கெல்லாம் கிலோ கணக்குல போட்டு விப்பாங்கல்ல, போன வருஷம் அப்படி ஒரு சேல்ல மகளுக்குன்னு ஒரு கட்டப்பை நெறைய அள்ளிட்டு வந்தேன். சின்னப் பிள்ளைங்க இங்கிலீஷ் புக் பத்தி நமக்கு என்ன தெரியும், மீன் வாங்குறப்போ செவுளைத் தூக்கிப் பாப்போமே, அது மாதிரி அட்டையில தங்கக் கலர்ல வட்டமா மெடல் இருந்தா எடு, இல்லைன்னா கீழ வை, அவ்ளோதான். வீட்டுக்கு வந்ததும் மக அந்த மெடலை நகத்தால சுரண்டிப் பாத்தா. ஒட்டினது இல்ல, அட்டையோட அட்டையா பிரிண்ட் அடிச்சிருக்கு. அப்பவே அவளுக்கு பாதி ஆசை போச்சு.

அது நியூபெரி மெடல். 1922லேருந்து அமெரிக்க நூலகச் சங்கம் குடுக்குது. பேரு என்னவோ லண்டன்ல 18ஆம் நூற்றாண்டுல புக் வித்த ஜான் நியூபெரியோட பேரு, ஆனா வாங்கணும்னா அமெரிக்கக் குடிமகனா இருக்கணும், இல்ல அங்க குடியிருக்கணும். நான் பாட்டுக்கு உலகத்துலயே பெஸ்ட்டு புக்குன்னு நெனச்சு அள்ளிட்டு வந்திருக்கேன், பாத்தா அந்த ஊர் லைப்ரரிக்காரங்க பதினஞ்சு பேர் கமிட்டியா உக்காந்து அவங்க நாட்டு புக்குக்கு குடுக்குறது.

ராத்திரி படுக்கும்போது நான் இங்கிலீஷ்ல பாத்துக்கிட்டே தமிழ்ல சொல்லுவேன், அவ கேப்பா, பக்கத்துல அப்பத்தா தூங்குற மாதிரி படுத்துக்கிட்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வச்சிருக்கும். மொதல்ல 1978ல மெடல் வாங்குன 'பிரிட்ஜ் டு டெரபித்தியா'. அதுல அந்தப் பொண்ணு செத்துப்போறது வர்ற வரைக்கும் எனக்கே தெரியாது, தெரிஞ்சிருந்தா எடுத்திருக்கவே மாட்டேன், மறுநா ஸ்கூல் போற வரைக்கும் மக என்கூட பேசல. சரி அடுத்தது நல்லா இருக்கும்னு 'கிரா கிரா' எடுத்தேன், 2005 மெடலு. அதுல அக்கா செத்துருவா. மூணாவது புக்கை கையில எடுத்ததும் கேக்குறா, "அப்பா, இதுல யாரு சாகப்போறா?"

அந்த மூணாவது புக்குதான் 'எ சிங்கிள் ஷார்ட்'. லிண்டா சூ பார்க் எழுதுனது, 2002ல மெடல். இங்கிலீஷ் பேரைச் சொல்றதை விட நான் தமிழ்ல சொன்னதே நல்லா இருந்துச்சு, ஒத்தை ஓட்டாஞ்சில்லு. பன்னெண்டாம் நூற்றாண்டு கொரியா, கடலோரத்துல பானை சட்டி வனையுற ஒரு ஊரு, அங்க பாலத்துக்கு அடியில ஒரு அனாதைப் பையனும் ஒரு கால் சூம்புன கிழவரும் சேந்து இருக்காங்க. பையன் பேரு மரத்துல தானா முளைக்கிற காளானோட பேரு, கிழவருக்கு ஒத்தைக் கால்ல நிக்கிறதால கொக்குன்னு பேரு. நான் கொக்குத் தாத்தான்னே சொல்லிட்டேன்.

கதை எப்படி ஆரம்பிக்குதுன்னா, அந்த ஊர்ல வசதியானவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்தா இன்னிக்கு நல்லா சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்களாம், அதான் அவங்களுக்கு வணக்கம் சொல்ற மாதிரி. சோத்துக்கே வழியில்லாத இவங்க ரெண்டு பேரும் அதைத் திருப்பிப் போட்டு, "என்னடா, இன்னிக்கு நல்லா பட்டினி கிடந்தியா?"ன்னு கேட்டுச் சிரிச்சுக்குறாங்க. இதை இங்கிலீஷ்ல படிக்கிற பிள்ளைக்கு கொரியாவுல இப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு வெளக்கித்தான் ஆகணும். எனக்கு ஒரு வேலையும் இல்ல. நம்ம ஊர்ல போன் எடுத்தா மொதக் கேள்வியே "சாப்டியா?"தான. அப்படியே சொன்னேன், தூங்குறதா நெனச்ச அப்பத்தா இருட்டுக்குள்ள குபீர்னு சிரிச்சுச்சு. இதெல்லாம் இங்கிலீஷ் வழியா சுத்திக்கிட்டு வந்தும் உசுரோட வந்திருக்கு பாருங்க.

இன்னொரு இடம். பையன் ஒரு பெரிய குயவர்கிட்ட கூலி இல்லாம வேலைக்குச் சேருறான். மதியச் சாப்பாடு மட்டும் அவர் சம்சாரம் ஒரு சுரைக்குடுக்கையில போட்டுத் தருவாங்க. அவன் பாதி தின்னுட்டு மீதியை கொக்குத் தாத்தாவுக்குன்னு ஒளிச்சு வைப்பான், சாயங்காலம் வந்து எடுத்தா குடுக்கை முழுசா நெறைஞ்சிருக்கும். யார் நெரப்புனதுன்னு அந்தம்மாவும் சொல்லாது, இவனும் கேக்க மாட்டான். அந்த எடத்துல மக ஒண்ணும் சொல்லல, என் கையைப் புடிச்சு பக்கத்தைத் திருப்ப விடல.

அப்புறம் ராஜாவோட ஆளுகிட்ட காட்டுறதுக்கு ரெண்டு ஜாடியைச் சுமந்துக்கிட்டுப் பையன் தலைநகருக்கு நடந்தே போறான், வழியில திருடனுங்க ஜாடியைத் தூக்கி மலை மேலேருந்து எறிஞ்சுடுறானுங்க, மிஞ்சின ஒரே ஒரு சில்லை எடுத்துக்கிட்டுப் போய் காட்டுறான். இதுக்கு மேல சொன்னா படிக்கிறவங்க வைவீங்க. மக கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிடுறேன், ஆமா, இதுலயும் ஒரு சாவு இருக்கு. "ஸ்டிக்கர் இல்லாத புக்கா வாங்குப்பா இனிமே"ன்னு சொல்லிட்டு சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா.

அதுக்கப்புறம்தான் எனக்கு இந்த மெடல் கிறுக்கு புடிச்சுது. தேடுனா ஒவ்வொண்ணுலயும் ஒரு கத கெடக்கு. நியூபெரியை 1928லயே நம்ம நாட்டுல பொறந்த ஒருத்தர் வாங்கிருக்கார், தன் கோபால் முகர்ஜி, கல்கத்தா பக்கத்துக்காரர், சித்ரகிரீவான்னு ஒரு புறா முதல் உலகப்போர்ல சேதி கொண்டுபோற கதை. இங்கிலாந்துல கார்னகி மெடல்னு ஒண்ணு, அதை 1936 புக்குக்காக மொதமொதல்ல வாங்குன கதையோட பேரு 'பிஜன் போஸ்ட்', அதுலயும் புறா. நடுவர்களுக்கும் புறாவுக்கும் என்ன ராசியோ.

ஆனா நெசமாவே உலகம் பூராவும் பாத்துக் குடுக்குறதுன்னா அது ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது. 1956லேருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க. அதை ஒரு புக்குக்குக் குடுக்க மாட்டாங்க, எழுதுனவரோட மொத்த உழைப்புக்கும்தான், தங்க மெடல் உண்டு, காசு கெடையாது. இதுக்குப் பின்னாடி இருக்குற அம்மாவைப் பத்தி யாருமே பேச மாட்டேங்குறாங்க. யெல்லா லெப்மான், ஜெர்மனியில பொறந்த யூதப் பெண். நாஜிக்களுக்குப் பயந்து 1936ல லண்டனுக்கு ஓடுனவங்க, போர் முடிஞ்சதும் 1945ல அமெரிக்க ராணுவத்தோட ஆலோசகரா அதே ஜெர்மனிக்குத் திரும்பி வர்றாங்க. எல்லாரும் சோத்தையும் கம்பளியையும் பத்திப் பேசிட்டிருக்கும்போது, பிள்ளைங்களுக்கு புக் வேணும்னு இருபது நாட்டுக்கு லெட்டர் போடுறாங்க. ஜெர்மன்காரன் ரெண்டு தடவை எங்க மேல படை எடுத்தவன், தர மாட்டோம்னு பெல்ஜியம் சொல்லிடுச்சு. விடல, திரும்ப லெட்டர் எழுதி அவங்ககிட்டயும் வாங்கிட்டாங்க. 1946ல மியூனிக்ல கண்காட்சி வச்சாங்க, எங்கன்னா, ஹிட்லர் தன் ஆட்சியோட கலைப்பெருமையைக் காட்டக் கட்டுன அதே கட்டடத்துல! சண்டைக்குப் போகாம பூவை மோந்துக்கிட்டு உக்காந்திருக்குற ஃபெர்டினாண்டுங்குற காளை கதையை அவங்களே ஜெர்மன்ல மொழிபெயர்த்து நியூஸ்பேப்பர் தாள்ல முப்பதாயிரம் காப்பி அடிச்சுப் பிள்ளைங்களுக்குக் குடுத்திருக்காங்க. அவங்க 1953ல ஆரம்பிச்ச அமைப்புதான் இந்த விருதைக் குடுக்குறது.

இந்தியாவுலேருந்து 2024 வரைக்கும் இந்த விருதை ஒருத்தரும் வாங்கல. எழுத ஆளில்லாமயா? நடுவருக்குத் தெரிஞ்ச ஒரு மொழியில போய் நிக்கணும்ல. ஜப்பான்ல மிச்சியோ மாடோன்னு ஒரு பெரியவர், 1994ல வாங்குனார், அப்போ அவருக்கு எம்பது தாண்டிருச்சு. அவர் பாட்டுகளை இங்கிலீஷ்ல கொண்டுபோனது யாரு தெரியுமா, அப்போ அந்த நாட்டு மகாராணியா இருந்த மிச்சிகோ. நமக்கு எந்த மகாராணி வரப்போறா. படத்துக்கு இந்தத் தொல்லை இல்ல, சென்னையில இருக்குற தாரா புக்ஸ் பதிப்பகம் கோண்டு பழங்குடி ஓவியர்களை வச்சு கறுப்புத் தாள்ல கையாலயே அச்சடிச்ச 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' 2008ல இத்தாலியில போலோனா பரிசு வாங்குச்சு. கறுப்புத் தாள்ல மரம் ராத்திரியில மினுங்குறதைப் பாக்க எந்த மொழி தெரியணும் சொல்லுங்க.

மகளுக்கு இந்த ஆராய்ச்சியில எல்லாம் அக்கறை இல்ல. அவ அந்தப் புக்குலேருந்து எடுத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து வாசல்ல செருப்பைக் கழட்டுறேன், உள்ளேருந்து சத்தம், "அப்பா, இன்னிக்கு நல்லா பட்டினி கிடந்தியா?" நானும் விடாம, "செமையா கிடந்தேன்டி"ங்குறேன். அப்பத்தா கையில தீப்பெட்டியோட எட்டிப் பாத்து, "வெளக்கு வைக்கிற நேரத்துல பேசுற பேச்சாடா இது, ரெண்டுக்கும் அறிவிருக்கா"ன்னு ஏசிட்டு உள்ள போச்சு. அன்னிக்கு இருட்டுக்குள்ள சிரிச்சது அதேதான்.