ஒன்பதாம் கட்டில்

மூன்றாம் வருடம் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதன்முதலாக வாட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு நரம்புகளின் பெயர்கள் தெரியும், ஒரு ஆச்சியோடு எப்படிக் கதைப்பது என்று தெரியாது.

அந்த ஆச்சியை நாங்கள் 'ஒன்பதாம் கட்டில்' என்றுதான் சொல்வோம். யாரும் சொல்லித் தரவில்லை, சீனியர்மார் சொன்னார்கள், எங்கள் வாயிலும் வந்துவிட்டது. விடாத இருமல், மெலிவு. என்னவாக இருக்கலாம் என்று ரவுண்டில் சேர் கேட்க, கெட்டிக்காரன் என்று காட்டுகிற அவசரத்தில் நான் முதலாவதாகச் சொன்னது கான்சர். கதை முழுக்க ஆங்கிலத்தில்தான், ஆனால் அந்த ஒரு சொல் யாழ்ப்பாணத்தில் யாருக்குத்தான் விளங்காது! நாங்கள் பத்தாம் கட்டிலுக்கு நகர்ந்துவிட்டோம். ரவுண்ட் முடிந்ததும் சேர் மட்டும் திரும்பி வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்து, "அம்மா, இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை, சளியைத்தான் சோதிக்கப் போகிறோம்" என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பிறகு அது காசம் என்று தெரிந்தது, சரி, ஆனால் அன்றிரவு ஆச்சி சாப்பாட்டைத் தொடவேயில்லை என்று தாதி மிஸ் சொன்னார்.

1847இல் இங்கு வந்த அமெரிக்கர் டொக்டர் கிறீன், தமிழ் படித்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். இங்கேயே பிறந்த நாங்கள் வருத்தக்காரரின் தலைக்கு மேலால் ஆங்கிலம் கதைக்கிறோம்.

வருத்தக்காரரோடு நடந்துகொள்ளும் விதத்துக்கும் பரீட்சையில் மார்க் உண்டு. ஒஸ்கி என்கிற செய்முறைப் பரீட்சையில் பெயரைச் சொல்லி, அனுமதி கேட்டு, திரையை இழுத்துவிட்டால் போதும். நானும் எல்லாம் செய்து மார்க் வாங்கினேன், பெல் அடித்ததும் மறந்தேன். பிந்தி வருவது, பிழையைச் சொன்னால் முகத்தைத் தூக்குவது எல்லாம் டொக்டரானால் தன்பாட்டில் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். 2005இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான 235 டொக்டர்மாரின் மாணவக்காலப் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். நடத்தைக் குறைகள் மற்றவர்களைவிட அவர்களுக்குத்தான் கூடுதலாகப் பதிவாகியிருந்தன, முக்கியமாகப் பொறுப்பின்மையும் திருந்த மனமில்லாமையும்.

இப்போது நான் இன்டேர்ன். போன கிழமை அட்மிஷன் நாள், இரவு இரண்டு மணி, கண் எரிகிறது, "நாலாம் கட்டிலுக்கு இரத்தம் எடுங்கோ" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற மூன்றாம் வருடத் தங்கச்சி உடனே கொப்பியில் எழுதிக்கொண்டார்: நாலாம் கட்டில்.