முள்ளெலிக்குப் பால் வேண்டாம்

இங்கிலாந்தில் உள்ள லெஸ்டருக்குக் குடிவந்த முதல் வருடம், தோட்டத்தில் ஒரு முள்ளெலியைப் பார்த்ததும் ஊர்ப் பழக்கத்தில் கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்தேன். நல்லவேளை, பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து அதட்டினார். பால் அதற்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்துவிடும். ரொட்டியும் கூடாதாம். தண்ணீர் போதும், கூடவே கொஞ்சம் பூனை பிஸ்கட்.

சரி, பூனை பிஸ்கட் வைத்தால் யார் வருவார்கள்? தெருவில் இருந்த அத்தனை பூனைகளும் வந்தன. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, பக்கவாட்டில் 13 செ.மீ. சதுரத்துக்கு ஓட்டை போட்டேன். முள்ளெலி தாராளமாக நுழைகிறது. எதிர்வீட்டுக் குண்டுப் பூனை தலையை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல நடையைக் கட்டுகிறது. வேலிக்கு அடியிலும் அதே அளவில் ஒரு வழி வெட்டியிருக்கிறேன். ராத்திரி முழுக்க ஊர் சுற்றும் பிராணி, ஒரு தோட்டம் அதற்கு எந்த மூலைக்கு?

நேற்று பத்தரை மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுச் சமையலறைக் கதவோரம் நின்றேன். முதலில் வந்தது சத்தம்தான். சளி பிடித்த குழந்தைபோல புஸ் புஸ்ஸென்று மூச்சு, பிறகு நறுக் நறுக். ஆனால் ஆள் சின்னதாக இருக்கிறது. இப்போதே அக்டோபர். குளிர்காலத் தூக்கத்துக்குப் போகுமுன் குறைந்தது அரை கிலோவாவது தேற வேண்டும்.

தராசை வெளியே வைத்துப் பார்க்கலாமா என்கிறாள் மகள். அதில்தான் அவள் அம்மா இட்லி அரிசி நிறுக்கிறாள்.