அம்மாவின் முழங்காலும் ஓஹிப் வரிசையும்

அம்மாவின் வலது முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததிலிருந்து, கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தெரிந்தவர்கள் பலர் கேட்கிறார்கள். எப்படிச் செய்வித்தீர்கள், எவ்வளவு முடிந்தது, ஏன் இவ்வளவு காலம் இழுத்தது? தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது.

அம்மா முதலில், பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவில்தான் வந்தார். அந்த விசாவுக்கு, குறைந்தது ஒரு வருடத்துக்கு 1,00,000 டொலர் வரை பொறுப்பெடுக்கும் தனியார் காப்புறுதி வாங்கவேண்டும். வாங்கினோம். ஆனால் எங்கள் காப்புறுதியில், வரும்போதே இருந்த மூட்டுத் தேய்வுக்கு இடமில்லை. வலி மாத்திரையும் எண்ணெயுமாகக் குளிர்காலங்கள் போயின. பெற்றோரைக் குடியேற்றும் ஸ்பொன்சர் சரிவந்து நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகுதான் ஓஹிப், அதாவது ஒன்ராறியோ மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்க முடிந்தது. குடிவரவு நிலை, வசிக்கும் முகவரி, அடையாளம் மூன்றுக்கும் ஒவ்வோர் ஆவணம் காட்டவேண்டும். முன்பு புதிதாக வருபவர்கள் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில், கொரோனா தொடங்கிய நேரம், அதை எடுத்துவிட்டார்கள். பெற்றோரை ஊருக்கு அனுப்பி நீண்ட காலம் விட்டுவைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஓஹிப் நிலைக்க, எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 153 நாளாவது ஒன்ராறியோவில் இருந்திருக்கவேண்டும்.

இங்கே வைத்தியசாலைகளை அரசாங்கம் நடத்துகிறது என்று எங்கள் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி அப்படித்தான்: கட்டடமும் அரசுடையது, டொக்டருக்குச் சம்பளமும் அரசுதான். ஒன்ராறியோவில் குடும்ப டொக்டர் பெரும்பாலும் சொந்தமாகத் தொழில் செய்பவர். வைத்தியசாலைகளும் பெரும்பாலும் தனி நிர்வாக சபை உள்ள, இலாப நோக்கமில்லாத நிறுவனங்கள். காசு கொடுப்பவர் மட்டும் ஒருவர், மாகாண அரசு. டொக்டர் செய்த வேலைக்கு ஓஹிப்புக்குக் கணக்கு அனுப்புவார், அதன் விலைப்பட்டியலை அரசும் டொக்டர்களின் சங்கமும் பேசி முடிவுசெய்திருப்பார்கள். எங்கள் பங்கு அட்டையைக் காட்டுவது மட்டும்தான். அமெரிக்காவில், பஃபலோவில் இருக்கும் சித்தி மகளுக்கு இதைப் புரியவைப்பது பெரும்பாடு. அவர் காய்ச்சலுக்குப் போவதென்றாலும் இந்த டொக்டர் என் காப்புறுதியில் இருக்கிறாரா, முதல் எவ்வளவு நான் கட்டவேண்டும் என்று விசாரித்துவிட்டுத்தான் போகிறார்.

இதற்காக இலவசம் என்று சொல்லிவிடமுடியாது. வரியில் போகிறது. ஆண்டு வருமானம் 20,000 டொலருக்கு மேல் உள்ளவர்களிடம் வருமானத்தைப் பொறுத்து 900 டொலர் வரை ஒன்ராறியோ சுகாதாரக் கட்டணம் என்று தனியாகவும் எடுக்கிறார்கள். ஆனால் அதைக் கட்டாத அம்மாவுக்கும் கட்டுகிற எனக்கும் ஒரே அட்டைதான்.

சரி, வரிசைக்கு வருவோம்.

முதல் வரிசை குடும்ப டொக்டர். அவர் இல்லாமல் இந்த அமைப்புக்குள் நுழைவது கடினம். எங்களுடைய டொக்டர் அம்மாவையும் எடுத்துக்கொண்டது எங்கள் அதிர்ஷ்டம். அப்படிக் கிடைக்காதவர்கள் மாகாண அரசின் ஹெல்த் கேர் கனெக்ட் பட்டியலில் பதிந்துவிட்டு இருக்கிறார்கள். டொக்டர் காலை அமத்திப் பார்த்து, நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேக்கு எழுதினார். படம் வந்ததும் முழங்கால், இடுப்பு நோயாளிகளைப் பரிசீலிக்கும் நிலையத்துக்குப் பரிந்துரைப் படிவம் போனது. எப்படிப் போனது என்று நினைக்கிறீர்கள்? ஃபக்ஸில். இந்தக் காலத்திலும் ஒன்ராறியோவின் மருத்துவம் ஃபக்ஸ் மெஷினில்தான் ஓடுகிறது.

அந்தப் படிவம் போய்ச் சேரவில்லை. அனுப்பியாயிற்று என்று இந்தப் பக்கம் சொன்னார்கள், வரவில்லை என்று அந்தப் பக்கம். ஒரு கோடைகாலத்தின் பெரும்பகுதி இதில் போய்விட்டது. ஆகவே என் முதல் புத்திமதி: படிவம் போய் இரண்டு கிழமைக்குள் பெறுகிற இடத்துக்கு நீங்களே போன் எடுத்து, பெயர் பட்டியலில் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். கூச்சப்படத் தேவையில்லை. இங்கே வரிசையில் முன்னுக்குப் போக வழியில்லை, ஆனால் வரிசையில் இல்லாமலே காத்திருக்க நிறைய வழியிருக்கிறது.

பரிசீலனை நிலையத்தில் அம்மாவைப் பார்த்தவர் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல, விசேட பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட். எனக்கு முதலில் ஏமாற்றம்தான். பிறகு யோசித்தால் அது கெட்டித்தனமான ஏற்பாடு. கத்தி வைக்கத் தேவையில்லாதவர்களை உடற்பயிற்சிக்கும் ஊசிக்கும் அனுப்பிவிட்டால் நிபுணரின் நேரம் மிஞ்சும். அவர் ஒரு மணித்தியாலம் போல இருந்து நடக்கவைத்தார், படியேறவைத்தார், இரவில் நித்திரை வருகிறதா என்று கேட்டார். கடைசியில், உங்களுக்குக் குறிப்பிட்ட டொக்டர்தான் வேண்டுமா, முதலில் நேரம் கிடைப்பவர் போதுமா என்று கேட்டார். முதலில் கிடைப்பவர் என்றோம். அதில் சில மாதம் மிச்சமானது என்றுதான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் கணக்கு ஒன்று இருக்கிறது, தெரிந்துவைத்திருப்பது நல்லது. காத்திருப்பு நேரத்தை ஒன்ராறியோ இரண்டாகப் பிரித்து வெளியிடுகிறது. பரிந்துரை போனதிலிருந்து நிபுணரைக் காணும் வரை ஒன்று. சத்திரசிகிச்சை செய்வோம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து செய்யும் நாள் வரை இன்னொன்று. முழங்கால் மாற்றுக்கு அவசரமில்லாதவர்களின் இலக்கு 182 நாள் என்று படித்தால், அது இரண்டு துண்டையும் சேர்த்த கணக்கு அல்ல. குடும்ப டொக்டரைத் தேடியதும் எக்ஸ்ரேக்குப் போனதும் ஃபக்ஸ் தொலைந்ததும் எந்தக் கணக்கிலும் வராது. நோயாளிக்கோ வலி ஒரே நீளமாகத்தான் ஓடுகிறது. அரசியல்வாதிகள் ஒரு எண்ணையும் சனங்கள் இன்னொரு எண்ணையும் சொல்லிச் சண்டைபிடிப்பதற்கு இதுவும் காரணம்.

இந்தக் காலத்தில்தான் மாமா வாரம் தவறாமல் போன் எடுத்தார். “சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போ தம்பி, ஒரு மாசத்துக்குள்ளை எல்லாம் முடிச்சுக்கொண்டு வரலாம்.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் முழுக் காசும் எங்களுடையது. இப்படித் திட்டமிட்டு வெளிநாட்டில் செய்வதற்கு முன் அனுமதி இல்லாமல் ஓஹிப் பணம் தராது. இங்கேயே காசு கொடுத்து முந்தமுடியாதா என்றும் கேட்டார். கொழும்பில் என்றால் காசு கட்டி நிபுணரைச் சனல் பண்ணிவிடலாம், அதாவது தனியாரில் நேரம் எடுத்துப் பார்த்துவிடலாம். இங்கே ஓஹிப் பணம் கொடுக்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் டொக்டர் மேலதிகமாக ஒரு டொலர் வாங்குவதும் காசுக்காக ஒருவரை முன்னுக்குத் தள்ளுவதும் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை. அதற்கு மேலே 1984இன் கனடா சுகாதாரச் சட்டம் இருக்கிறது. ஒரு மாகாணம் இப்படி மேலதிகக் கட்டணத்தை அனுமதித்தால் மத்திய அரசு தான் கொடுக்கும் நிதியில் அதே தொகையை வெட்டிவிடும்.

இவ்வளவு இறுக்கம் சும்மா வந்ததல்ல. 1962 யூலையில் சஸ்கச்சுவான் மாகாணம் இந்த மாதிரிக் காப்புறுதியை முதன்முதலில் தொடங்கியபோது டொக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்படியும் திட்டம் நிலைத்தது, பத்து வருடத்துக்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துகொண்டன. மறுபக்கமும் உண்டு. இடுப்பு மாற்றுக்குக் காத்திருந்த ஒருவரும் ஒரு டொக்டரும் போட்ட வழக்கில், தனியார் காப்புறுதிக்கு கியூபெக் போட்டிருந்த தடை அந்த மாகாணத்தின் உரிமைச் சாசனத்தை மீறுகிறது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வரிசையில் இடம் கொடுப்பது மட்டும் வைத்தியம் ஆகாது என்பதே அதன் சாரம். அம்மா இரவில் கால் நீட்டமுடியாமல் கட்டிலில் எழும்பி இருந்த நாட்களில் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நிபுணரின் அலுவலகத்தில், யாராவது கடைசி நேரத்தில் விலகினால் ஒரு நாள் முன் சொன்னாலும் வருவோம் என்று எழுதிக்கொடுத்தோம். அப்படித்தான் அம்மாவுக்கு நாள் கிடைத்தது. எதிர்பார்த்ததைவிட முந்தி, திடீரென்று. சத்திரசிகிச்சை பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் கொண்டுபோனார்கள், பின்னேரமே பிடித்து நிற்கவைத்தார்கள், மறுநாள் வீட்டுக்கு. வெளியே வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: “காசு கட்டின துண்டு வாங்கினியோ தம்பி?” அப்படி ஒரு துண்டே இல்லை என்று நம்பவைக்க வீடு வரை எடுத்தது.

ஆனால் ஓஹிப்பின் எல்லை வைத்தியசாலைக் கதவடியில் தெரியத் தொடங்குகிறது. அங்கேதான் சின்னச் சின்னச் செலவுகள் வரிசைகட்டி நிற்கும். உள்ளே கொடுத்த மருந்துக்கெல்லாம் காசில்லை, வெளியே வாங்கியதற்குக் கட்டவேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாகாண மருந்துத் திட்டம் உண்டு: ஆண்டில் முதல் 100 டொலர் எங்களுடையது, பிறகு ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் 6.11 டொலர் வரை. வருமானம் குறைந்தவர்கள் தனியாக விண்ணப்பித்தால் 100 டொலர் இல்லை, சீட்டுக்கு 2 டொலர் வரைதான். மருந்துக்கடையிலேயே படிவம் கேட்கலாம். வேலை செய்யும் வயதில் இருப்பவர்களுக்கு இந்த வசதியும் பொதுவாக இல்லை, கம்பனிக் காப்புறுதியை நம்பித்தான் இருக்கிறோம். ஒரே காப்புறுதி என்று பெயர், மருந்துக்கு வந்தால் அது பாதி நாட்டுக்குத்தான். எனக்கு இந்த அமைப்பில் பெரிய ஓட்டை இதுதான், வரிசையைவிட.

பிடித்து நடக்கும் வோக்கருக்கு விலையில் 75 வீதத்தை மாகாணம் தரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது ஆறு மாதமோ அதற்கு மேலோ தேவைப்படுபவர்களுக்கு. எங்களுக்குச் சில கிழமைதான் தேவை, ஆகவே இல்லை. அயலில் ஒருவர் தாயாருடையதைத் தந்தார். பொது வார்டுக்குக் காசில்லை, இருவர் அறை கேட்டால் கட்டணம். அம்புலன்ஸ் தேவைப்பட்டு ஏறினாலும் 45 டொலர். பார்க்கிங்கைப் பற்றிப் பேசினால் கோபம் வரும்! ஒரு நாளுக்கு 10 டொலருக்கு மேல் எடுக்கும் வைத்தியசாலைகள் பல நாளுக்கான அரைவிலைப் பாஸ் வைத்திருக்கவேண்டும் என்பது விதி. கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். பிசியோதெரபி அம்மாவின் வயதுக்கு ஓஹிப்பிலேயே கிடைத்தது.

மாமா இன்னும் விடவில்லை. 2023இல் ஒன்ராறியோ கொண்டுவந்த சட்டத்தால் தனியார் நிலையங்களிலும் ஓஹிப் காசில் மேலும் சில சத்திரசிகிச்சைகள் செய்யலாம், பார், கடைசியில் நான் சொன்னதற்குத்தான் வந்திருக்கிறார்கள் என்கிறார். தாதிமாரும் மயக்கமருந்து டொக்டர்களும் அதே ஆட்கள்தானே, அங்கே போனால் இங்கே குறையாதா என்பது என் கேள்வி. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது இடது முழங்காலுக்குப் படிவம் போயிருக்கிறது. போய்ச் சேர்ந்ததை போனில் உறுதிப்படுத்தியாயிற்று. முதலில் கிடைப்பவர் போதுமா என்று இந்த முறையும் கேட்டார்கள். காத்திருந்தாலும் பரவாயில்லை, வலது காலைச் செய்த டொக்டர் பிள்ளைதான் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.