கொரோலாவில் எஞ்சின், கியர்பெட்டி மவுண்டிங்குகளை மாற்றிய அனுபவம்

எங்கள் வண்டி 1.5 லீற்றர் எஞ்சினும் ஓட்டோ கியரும் கொண்ட ரொயோட்டா கொரோலா 121. அதன் எஞ்சினையும் கியர்பெட்டியையும் வண்டியின் உடலோடு பிணைத்துத் தாங்கும் ரப்பர் தாங்கிகள்தான் மவுண்டிங்குகள்; வலம், இடம், முன், பின் என நான்கு இருக்கின்றன. ஏசியைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கியரை 'டி'யில் வைத்திருந்தால் ஸ்டியரிங்கும் டாஷ்போர்டும் சேர்ந்து நடுங்கின. 'என்'னுக்கு மாற்றியதும் நடுக்கம் பெருமளவு அடங்கியது. ரிவேர்ஸ் விழும்போது அடியில் 'டொக்' என்று ஓர் ஒலியும் கேட்டது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு 2 முறை வெடிப்பதால், நிமிடத்துக்கு 700 சுற்றில் நின்று ஓடும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 23 அதிர்வுகள் எழுகின்றன. அவற்றை வண்டியின் உடலுக்கு ஏறவிடாமல் விழுங்குவதற்காகவே வலப்பக்க மவுண்டிங்குக்குள் திரவம் அடைக்கப்பட்டிருக்கிறது.

பொனட்டைத் திறந்து வைத்து, தம்பியைப் பிரேக்கில் இருத்தி, 'டி'க்கும் 'ஆர்'க்கும் மாற்றச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பார்த்தபோது எஞ்சின் முன்னும் பின்னும் தெளிவாகச் சாய்ந்தது. வலப்பக்க மவுண்டிங்கின் கீழே திரவம் வடிந்து கறுத்த தடம் இருந்தது. பின்பக்க மவுண்டிங்கிலோ ரப்பர் இரும்பைவிட்டு விலகி, ஸ்குரூ டிரைவரின் நுனி உள்ளே போகுமளவுக்குப் பிளந்திருந்தது.

ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றைய தேய்ந்தவை விட்ட சுமையும் புதியதன்மேலேயே விழும் என்பதால் நான்கையும் வாங்கினேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் மவுண்டிங் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே ஓடி இறுகிய ரப்பருக்காக இந்த வேலையை இரண்டு தடவை செய்ய எனக்கு விருப்பமில்லை. ரப்பரைவிட இறுக்கமான பொலியூரித்தேன் வகை நீடித்து உழைக்கும் என்றாலும், வீட்டுக் காருக்கு அது நடுக்கத்தைக் கூட்டவே செய்யும்.

உப்புவெளிக் கடற்காற்றில் நிற்கும் வண்டி ஆதலால், எஞ்சினின் அடியில் முன்னிருந்து பின்னாக ஓடும் இரும்புச் சட்டமான நடு மெம்பரின் போல்ட்டுகளை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துருவிளக்கி எண்ணெய் அடித்து ஓரிரவு ஊறவிட்டேன். அதன் பின்னரும் ஒன்று நீண்ட பிடியில்லாமல் அசையவில்லை. மறுநாள், எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஒயில் சம்பின் கீழ் தடித்த பலகை வைத்து, ஜக்கினால் எஞ்சினின் பாரம் ஏறுமளவுக்கு மட்டும் தாங்கி, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கியர்பெட்டியின் எண்ணெய்த் தட்டில் ஜக் வைக்கக்கூடாது. மெல்லிய தகடு உள்வாங்கிவிடும். பற்றரியையும் அதன் தட்டையும் ஏர் பில்டர் பெட்டியையும் எடுத்த பிறகே இடப்பக்கக் கியர்பெட்டி மவுண்டிங் கைக்கு எட்டியது. கழற்றிய வலப்பக்க மவுண்டிங்கைப் புதியதன் அருகே வைத்தபோது, பழையது விரல் தடிப்புக்குச் சற்றுக் குறைவாக அமர்ந்துபோயிருந்தது கண்ணுக்கே தெரிந்தது.

இந்த வேலையின் பலன் புதிய உதிரிப்பாகத்தைவிட இறுக்கும் ஒழுங்கில்தான் தங்கியிருக்கிறது என்பது என் கருத்து. பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற மெக்கானிக் அண்ணன், "அவசரப்பட்டு இறுக்காதேங்கோ தம்பி, எஞ்சின் தன்ர இடத்தில வந்து இருக்கட்டும்" என்றார். அதன்படி வலம், இடம் இரண்டையும் இறுக்கி, முன், பின் மவுண்டிங்குகளின் நடுவே ஊடுருவிச் செல்லும் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, ஜக்கை எடுத்து, பிரேக்கை மிதித்தபடி கியரைச் சில தடவை மாற்றிவிட்டு, எஞ்சினை நிறுத்திய பின்னர் அவற்றை இறுக்கினேன். முறுகிய நிலையில் இறுக்கப்பட்ட ரப்பர் புதியதாயினும் அதிர்வை உடலுக்குக் கடத்தும். விரைவில் கிழியவும் செய்யும்.

'டொக்' ஒலி முற்றாக நின்றது. ஏசியுடன் 'டி'யில் நிற்கும்போது இருக்கையில் மெல்லிய அதிர்வு மட்டும் எஞ்சியிருக்கிறது. கந்தளாய் வரை ஓடித் திரும்பிய பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் சோதித்ததில், நடு மெம்பரில் ஒன்று மட்டும் கால் சுற்று ஏறியது.