தப்புச் சத்தத்தைத் திரையில் நிறமாக்கியது

சத்தம் கூடக் கூட போன் திரையின் நிறம் மாற வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. இலங்கையில் ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாசி மாதக் காமன் கூத்துக்குத் தப்பு என்ற பறையை அடிப்பார்கள். அக்கா மகளுக்குக் காது சரியாகக் கேட்காது. அந்தத் தாளத்தை அவளும் கண்ணால் பிடிக்கட்டும் என்றுதான் இதில் இறங்கினேன்.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ என்ற மென்பொருளில், கோட்லின் என்ற நிரல்மொழியில் எழுதினேன். ஆண்ட்ராய்டு 6இலிருந்து மைக் அனுமதியைச் செயலி ஓடும்போதே கேட்டு வாங்க வேண்டும். அது கிடைத்துவிட்டால் ஒலியைப் பதியும் 'ஆடியோரெக்கார்ட்' வினாடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலி அலையை அளந்த எண்கள், தரும். 2,048 மாதிரிகளை ஒரு கட்டாக எடுத்தால் வினாடிக்கு ஏறக்குறைய 21 அளவுகள் கிடைக்கும். ஒவ்வொரு கட்டிலும் எண்களை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டால் அந்தக் கணத்தின் சத்த அளவு கையில் இருக்கும்.

அந்த எண்ணை அப்படியே நிறத்தோடு கட்டினால் திரை உயிரில்லாமல் கிடக்கிறது. பேச்சு, சிரிப்பு எல்லாம் நீலத்திலேயே அடங்கிவிடும். தப்பைப் பக்கத்தில் வைத்து ஓங்கி அடித்தால் மட்டும் சட்டென்று சிவக்கும். நம் காது சத்தத்தை அப்படிக் கேட்பதில்லை. எண் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது சுமார் 6 டெசிபல்தான். அளவை 32,768ஆல் (16 பிட் பதிவில் எண்ணின் உச்ச அளவு) வகுத்து, 10 அடிமான மடக்கை (log) எடுத்து, 20ஆல் பெருக்கி டெசிபலாக்கினேன். அளவு பூச்சியமானால் மடக்கை எடுக்க முடியாது, அதனால் குறைந்தது 1 என்று வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு மாற்றத்தில் செயலியே வேறாகிவிட்டது. மெல்லப் பேசினால் பச்சை, கூப்பிட்டால் மஞ்சள், தப்புக்குச் செம்மஞ்சள் என்று படிப்படியாக நகர்ந்தது.

அப்புறம் மழை. லயத்துத் (தோட்டத்து வரிசை வீடுகளின்) தகரத்தில் மழை கொட்டினால் யாரும் வாய் திறக்காமலே திரை மஞ்சளாகிவிடும். மலைநாட்டில் இதைத் தீர்க்காமல் இந்தச் செயலியால் பயனே இல்லை. கடைசி 10 வினாடிகளில் பதிவான ஆகக் குறைந்த டெசிபலைத் தரை என்று வைத்து, அதற்கு மேல் சத்தம் எவ்வளவு எழுகிறது என்பதை வைத்து நிறம் கொடுத்தேன். மழை வலுத்தால் தரையும் கூடவே உயரும். அதைத் தாண்டி எழும் அடி மட்டும் திரையில் தெரியும். இந்த வேலை முழுவதிலும் எனக்கு ஆகப் பெரிய நிறைவு தந்த இடம் இதுதான்.

சில போன்கள் சின்னச் சத்தத்தைத் தாமாகவே கூட்டி, பெரிய சத்தத்தை அமுக்கிவிடும். ஆண்ட்ராய்டு 7இலிருந்து மைக்கின் மூலச் சத்தத்தை அப்படியே வாங்க ஒரு வழி உண்டு. அதற்கு இடம் தராத போனில் குரல் அறிதலுக்கான மைக் வகையைப் போட்டுக்கொள்ளலாம்.

நிறம் படபடவென்று மின்னக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன். வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் திரை மின்னினால், ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. பிள்ளை பார்க்கிற திரை அல்லவா! அதனால் சத்தம் ஏறும்போது நிறம் உடனே ஏறும். இறங்கும்போது பழைய மதிப்பில் 90 சதவீதமும் புதியதில் 10 சதவீதமும் கலந்து, ஒரு வினாடிக்குள் மெல்லக் கரையும். ஆகக் கடைசி நிறத்தையும் செம்மஞ்சளோடு நிறுத்திவிட்டேன், கடுஞ்சிவப்பு வைக்கவில்லை.

தப்பை நெருப்பில் காய்ச்சி, தோல் இறுகியதும் மாமா அடித்துக் காட்டினார். அவள் திரையையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தடித்த குச்சியைத் தொட்டு, மெல்லிய குச்சியைத் தொட்டு, 'இரண்டுக்கும் ஏன் ஒரே நிறம்?' என்று கையால் கேட்டாள். சரியான கேள்வி. சத்தத்தின் அளவை மட்டும் வைத்து அதைப் பிரிக்க முடியாது. கனத்த ஒலி, கீச்சு ஒலி என்று அதிர்வெண் வாரியாகப் பார்க்க வேண்டும். இப்போது அதே 2,048 மாதிரிகளுக்கு, ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் மாற்றம் என்ற கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன்.