பெயர் சொல்லும் திரை

பத்தமடைப் பாய் நெய்வோரிடம் நேரடியாக முன்பதிவு செய்வதற்கான செயலியை வடிவமைக்கும் பொறுப்பு எங்கள் நால்வர் குழுவுக்கு வந்தபோது, முதல் திரையை வரைந்த அன்றே, பாளையங்கோட்டையில் வசிக்கும் பார்வையற்ற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டோம். முந்தைய வேலையில், எல்லாம் முடிந்த பிறகு, திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கு ஏற்பத் திருத்தப் போய், பாதித் திரைகளைப் பிரித்துக் கட்ட நேர்ந்ததை நான் மறக்கவில்லை.

மாதிரித் திரையை அவருடைய கைபேசியில் உள்ள டாக்பேக் என்னும் திரைவாசிப்பான் வழியாக ஓட்டிப் பார்த்தோம். பாயின் ஓர நிறத்துக்கு ஆறு வண்ண வட்டங்களை வைத்திருந்தேன். விரலை ஒவ்வொன்றாக நகர்த்தியவர் நிறுத்தினார்.

"தம்பி, ஆறு தடவையும் பட்டன்னு மட்டுந்தான் சொல்லுது. இதுல செவப்பு எது?"

திரைவாசிப்பான் படிப்பதற்கான பெயரை, அதாவது லேபிளை, எழுதுவது ஐந்து நிமிட வேலை என்று உட்கார்ந்தால், தரவுத்தளத்தில் நிறங்களுக்குப் பெயரே இல்லை, வெறும் குறியெண்களே இருந்தன. நாங்களாகப் பெயரிட மனம் ஒப்பாமல் பத்தமடைக்குப் போய், சாயம் ஏற்றிய கோரைக் கற்றைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, நெய்யும் பெண்கள் சொன்ன பெயர்களை அப்படியே எழுதிக்கொண்டோம். நான் ஒரே சிவப்பு என்று எண்ணியிருந்தவற்றில் ஒன்றை அரக்கு என்றும், மற்றொன்றை மிளகாய்ப்பழச் சிவப்பு என்றும் பிரித்துச் சொன்னார்கள். இந்த வேலை கடைசியில் வந்திருந்தால் தரவுத்தளத்தையே மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் இணைய அணுகல் நெறிமுறை கேட்கும் 4.5:1 ஒளி வேறுபாட்டை எட்டாததால், நான் ஆசையாகத் தேர்ந்த கோரை மஞ்சளைக் கைவிட்டேன். கணினிப் பதிப்பில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தது. அதைத் தமிழ் என்று மாற்றிய பிறகே, கணினித் திரைவாசிப்பானான என்.வி.டி.ஏ. தமிழ்க் குரலுக்கு மாறியது.

மிகவும் யோசிக்க வைத்தது திருமணப் பாய்தான். அதில் மணமக்கள் பெயரை நெய்து தருவார்கள். நெய்த பிறகு பிழையைத் திருத்த வழியில்லை. வாணி என்பதும் வானி என்பதும் கைபேசிக் குரலில் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலித்ததால், தாம் உள்ளிட்டது சரியா என்று ஆசிரியரால் உறுதி செய்ய முடியவில்லை. சற்று யோசித்துவிட்டு அவரே வழியும் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல டண்ணகரம், றன்னகரம்னு சொல்லிக் கொடுப்போமே, அதையே சொல்ல வைங்க தம்பி."

உறுதிப்படுத்தும் திரையில் அப்படியே செய்தோம். இப்போது நெய்பவர் கைக்குப் போகும் ஆர்டர் சீட்டிலும் அந்தக் குறிப்பு அச்சாகிறது.